யாரிடமிருந்து யாருக்கு

அப்பாவின் ஸ்பானர் பையில் மாத்திரை டப்பாவைக் கண்டெடுத்தது அம்மாதான். ஒன்றுகூடக் குறையவில்லை. தினமும் காலையில் தண்ணீர் கேட்டு வாங்கி, அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போன மனுஷன் மாத்திரையை விழுங்கவே இல்லை. சின்ன வயதில் மாத்திரைக்கு நான் போட்ட நடிப்பையே மிஞ்சிவிட்டார்.

எனக்குத் தலசீமியா. கைக்குழந்தையிலிருந்து மாதாமாதம் ரத்தம் ஏற்றித்தான் உயிரோடு இருக்கிறேன். கண்டவன் ரத்தம் என் பிள்ளைக்கு வேண்டாம் என்று அந்தக் காலத்தில் முடிந்தபோதெல்லாம் அப்பாவே கையை நீட்டிப் படுத்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே வகை. தானம் தரும் ரத்தத்தில் ஈரல் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது. எனக்குக் கிருமி தொற்றியது பிறகு தெரிந்தது. அதை ஒழிக்கும் மாத்திரை இப்போதுதான் வந்திருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் வீட்டில் எல்லோரையும் சோதித்தார். அம்மா தப்பித்தாள். அப்பாவுக்கும் அதே கிருமி. ஈரல் என்னுடையதைவிட மோசமாக இறுகியிருந்தது.

"யார்கிட்ட இருந்து யாருக்கு வந்துச்சு டாக்டர்?" என்று அப்பா அங்கேயே கேட்டார்.

அவர் தந்த ரத்தத்தில் எனக்கு வந்திருக்கலாம். அல்லது வேறு யார் ரத்தத்திலோ எனக்கு வந்து, என் ஊசி குத்தி அவருக்குப் போயிருக்கலாம். ஏற்றுகிற ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற எனக்கு வயிற்றில் ஊசி செருக வேண்டும். அதைச் செய்வது அப்பாதான், எத்தனையோ தடவை அவர் விரலில் குத்தியிருக்கிறது. இனிமேல் கண்டுபிடிக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஊசி போடும்போது கையில் உறை மாட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார், அப்பா கேட்கவில்லை.

அப்பா பிளம்பர். அவருக்கா கண்டுபிடிக்கத் தெரியாது?

"மேல தொட்டி அழுக்குன்னா கீழ குழாய்லயும் அழுக்குதான் வரும்" என்றார், அம்மா நீட்டிய டப்பாவைப் பார்க்காமல். "நான்தான் மேல தொட்டி. பெத்த பிள்ளைக்கு விஷத்தை ஏத்திட்டு நான் மட்டும் பொழைச்சுக் கிடக்கணுமா?"

"எனக்குத்தான் சரியாயிடுமேப்பா."

"உனக்கு ஆகட்டும். எனக்கு வேணாம்."

அழுதேன், கெஞ்சினேன், நானும் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினேன். மசியவில்லை. அவர் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. இந்தப் பிடிவாதக்காரரை வாரிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புளுகினேன்.

"டாக்டர் ரெண்டு பேர் கிருமியையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டாராம். என்னோடதுதான் பழசு. என்கிட்ட இருந்துதான் உங்களுக்கு."

"சும்மா கதை விடாத."

"தெரு மெயின் குழாய்ல அழுத்தம் விட்டுப்போனா வீட்டு அழுக்கெல்லாம் மெயினுக்கு ஏறும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

ஊசி குத்திய தன் விரல்நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என் தலையில அடிச்சுச் சொல்லு" என்றார்.

எந்த உயிருக்காகப் பொய் சொன்னேனோ அந்த உயிரின் மேலேயே கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். நிம்மதியில் வந்த அழுகை. அம்மா நீட்டிய மாத்திரையை விழுங்கி, சின்னப் பையன் மாதிரி வாயைத் திறந்தும் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிழைத்துவிடுவார் என்று நம்பினேன்.

சாயங்காலம் ஊசி போட வந்தபோது அப்பா இரண்டு கையிலும் ரப்பர் உறை மாட்டியிருந்தார்.

"டாக்டர் அன்னைக்கே சொன்னதுதானே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நியாயம்தான். சட்டையை உயர்த்தினேன். தோலைப் பிடித்துத் தூக்கிய விரல்களில் அப்பாவின் சூடு இல்லை. அடக்கிப் பார்த்தும் முடியாமல் என் கண்ணீர் உருண்டு, உறை முடிந்த இடத்தில், அவர் மணிக்கட்டில் விழுந்தது.

சட்டென்று கையை இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.