அம்மாவின் கைக்கு இந்தப் பக்கம்

அம்மா உயிர் போய் ஏழு மணி நேரம் கழித்து அண்ணன் வந்தான். வந்ததும் அழுதான். அழுது முடித்ததும், வண்டி வருவதற்குள் எல்லோரும் அம்மாவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

"இப்ப எதுக்குண்ணா?" என்றாள் சின்னவள்.

"நாளைக்கு நாலு பேர் கேட்பாங்கல்ல. ஊரையே படம் எடுத்த மனுஷன், கட்டினவளை எடுக்க மாட்டாரா? என்னப்பா?"

அப்பா கேமரா பையை இறக்கினார்.

அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் சன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. கூடவே வந்த லென்ஸ் எப்போதோ உடைந்துவிட்டது. பிறகு பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். வெள்ளைப் புள்ளி வைத்தது, சன்னலில் தெரிவதைவிட அகலமாகப் பிடிக்கும். சிவப்புப் புள்ளி வைத்தது நடுவில் இருப்பதை மட்டும் பிடிக்கும். எதை மாட்டினாலும் சன்னலில் ஒரே காட்சிதான். அதனால் விசேஷ வீடுகளில் அம்மா ஓரமாக நின்று கையை நீட்டுவாள்.

"என் கைக்கு இந்தப் பக்கம் நிக்கிறவங்க படத்துல. அந்தப் பக்கம் நிக்கிறவங்க சாப்பிடப் போகலாம்."

கூட்டம் சிரித்துக்கொண்டே நெருங்கி நிற்கும்.

பை சுத்தமாக இருந்தது. நாலு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த சின்னவள், போன வாரம்தான் அதைத் துடைத்திருந்தாள். ஒரு லென்ஸில் சுற்றியிருந்த அழுக்கு ரப்பர் பேண்டைக் கழற்றி அம்மாவின் மாத்திரை அட்டைகளைக் கட்டியிருந்தாள்.

அப்பா இரண்டு லென்ஸையும் மாறி மாறி விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, வண்டி வந்துடும்," என்றாள் அண்ணி, தலையைச் சரிசெய்தபடி.

ஒன்றை எடுத்து மாட்டினார். கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். தலைமாட்டில் ஒருபுறம் அண்ணனும் அண்ணியும், மறுபுறம் சின்னவள். கேமரா உயர்ந்தபோது வளையத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தது.

சின்னவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அம்மா முகம் மட்டும்தான் வரும். நாலு மாதமும் போனிலேயே நலம் விசாரித்த மகனுக்கு, பக்கத்தில் நின்றேன் என்று காட்ட ஒரு படம் கிடைக்காது. அப்பா வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை, லென்ஸை மாட்டிவிட்டார். அவளுக்கு மனம் குளிர்ந்தது.

பிறகுதான் தானும் அதே தூரத்தில் நிற்பது உறைத்தது. இந்த நாலு மாதமும் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த கை, தலை வாரிவிட்ட கை, அதுவும் வராது. வாய் திறந்தால் அவளும் படத்துக்குள் வரலாம். அண்ணனும் வந்துவிடுவான்.

"எல்லாரும் உள்ள இருக்கீங்களா?" என்று அப்பா கேட்டார்.

அது அம்மா பதில் சொல்லும் கேள்வி. சின்னவள் பேசவில்லை.

"இருக்கோம் மாமா," என்றாள் அண்ணி.

கேமரா சொடுக்கியது. வாசலில் வண்டி வந்து நின்றது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் தாழவில்லை. "பிரிண்ட் போட்டதும் எனக்கு ஒண்ணு அனுப்பிடு," என்று சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினான். சின்னவள் மாத்திரைக் கட்டை எடுத்துக்கொண்டு, தூக்கிப்போட மனமில்லாமல், அப்பா அருகில் உட்கார்ந்தாள்.

"அண்ணனை நல்லா வெட்டி விட்டீங்கப்பா."

"என்னம்மா?"

"சிவப்புப் புள்ளியைத்தானே மாட்டினீங்க. அவன் வரமாட்டான். நானும்தான். பரவாயில்ல."

அப்பா நிமிர்ந்தார்.

"சிவப்பா அது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பார்வை அவள் தோளுக்கு மேலே எங்கோ இருந்தது.

"அகலமானதுல உங்கம்மா ரப்பர் பேண்டு சுத்தி வச்சிருப்பா. இன்னிக்கு ரெண்டுலயும் இல்ல. ஏதோ ஒண்ணை மாட்டினேன்."

சின்னவளின் விரல்கள் மாத்திரைக் கட்டின்மேல் அப்படியே நின்றன.

"கேட்டிருக்கலாமேப்பா."

"அத்தனை பேர் இருந்தாங்க. ரெண்டு வருஷமா எனக்கு நிழல்தாம்மா தெரியுது. அவ குரல் வர்ற பக்கத்தை வச்சுத்தான் கேமராவைப் பிடிப்பேன்."