சந்தனம் இல்லாத மொட்டை

எங்கள் துணிக்கடைக்குள் ஹெல்மெட்டோடு யாரும் நுழையக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது நான்தான். அதை இன்றுவரை மாற்றவில்லை. மாற்றும்படியாக எதுவும் நடந்துவிட்டதாகவும் நான் நினைக்கவில்லை.

மலாயா சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏதோ ஓர் ஊரில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவன் நகைக்கடையில் புகுந்து துப்பாக்கியைக் காட்டினான் என்று பேச்சு. எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மலாக்காவில் பேங்க் வாசலில் மட்டும் காவல் கூடிவிட்டது. ஒரு நாள் நான் அங்கே போயிருந்தபோது, ராணுவ முகாமிலிருந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே போகப் பார்த்தான். வாசலில் காவல் நின்ற பஞ்சாபி ஜாகா கையை நீட்டித் தடுத்தார். "புக்கா தோப்பி" என்று மலாயில் இரண்டே சொல்; தொப்பியைக் கழற்று என்று பொருள். முன்பு என்றால் அந்த ஜாகாவுக்கு அன்றோடு வேலை போயிருக்கும். சிப்பாய் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கொடி ஏற்றியபோதுகூட எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சுதந்திரம் வந்துவிட்டது என்று அன்றுதான் நம்பினேன்.

பேங்குக்கு ஒரு மரியாதை, இந்தக் கலியாணசுந்தரம் கடைக்கு ஒரு மரியாதையா? ஜாலான் பெண்டஹாரா தெருவில் இருந்த எங்கள் கடை வாசலில் தமிழ், மலாய், சீனம், இங்கிலீஷ் என நான்கு மொழியிலும் எழுதிப் பலகை மாட்டினேன். மலாய்க்காரர்களின் சொங்கோக் தொப்பியும் பஞ்சாபிகளின் தலைப்பாகையும் மரியாதைக்காக அணிபவை. அவற்றுக்கு விலக்கு உண்டு என்று வாய்மொழியாகச் சொல்லிவைத்தேன்.

கடையில் வேலை பார்த்த மருதமுத்து பலகையை ஆணியில் தொங்கவிட்டுக்கொண்டே கேட்டான்.

"முதலாளி, நம்ம கடைக்கு ஹெல்மெட் போட்டுக்கிட்டு வர்றது ஒரே ஆளு. அவருக்குத் தமிழ் நல்லாப் படிக்கத் தெரியும். எதுக்கு நாலு மொழி?"

"விதின்னா எல்லாருக்கும் பொது."

"சரிங்க. அந்த எல்லாரும் சனிக்கிழமை வருவாரு."

அவன் சொன்ன அந்த ஒருவர் கணேசமூர்த்தி, என் மகள் கோகிலாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. முகாமில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகும் வேலை. ஹெல்மெட்டும் அவர்கள் கொடுத்ததுதான். இரண்டு சக்கரத்தின்மேல் உயிரை வைத்துக்கொண்டு திரிபவனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று வெகு நாள் மறுத்துவந்தேன். கோகிலா வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்வதாக என் மனைவி பாக்கியலட்சுமி சொன்னாள். அது என் காதில் விழவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப் பேசுவதில்லை. பையனின் குணத்தைப் பார்த்து நானாகவே சம்மதித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக இருந்தது.

இதற்கு முன் கோகிலாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் முறிந்திருந்தன. ஒரு வீட்டில் எனக்கு முன்னால் தரகருக்குக் காப்பி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் என்னை உட்காரச் சொன்ன நாற்காலிக்குக் கை இல்லை. இந்த மூன்றாவது கூடிவந்த நாளிலிருந்து பாக்கியலட்சுமி தினமும் ஒரே பாட்டுத்தான். "இதையும் கெடுத்துடாதீங்க. அவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது. இது போச்சுன்னா அவ இந்த வீட்டுலயே உக்காந்துடுவா." கெடுத்தது யார் என்று நான் அவளிடம் வாதாடவில்லை.

அந்தச் சனிக்கிழமை கடையில் கஜா பெராங் பக்கத்துப் பெண்கள் இருவர் புடவை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணேசமூர்த்தி வந்தான். வழக்கமாக வண்டியை நிறுத்தியதும் ஹெல்மெட்டைக் கழற்றி முடியைக் கோதிக்கொண்டு வருபவன், அன்று ஹெல்மெட், கண்ணாடி, புழுதிக்கு மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிய கைக்குட்டை எல்லாவற்றோடும் நேராக உள்ளே வந்துவிட்டான்.

"மாமா, அப்பா..."

"தம்பி, வாசல்ல பலகையப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. இன்னிக்கு ஒரு நாளு மட்டும் விட்டுருங்க."

"வெள்ளைக்காரனே கழட்டுறான்."

"ஆளுங்க இருக்காங்க மாமா."

"ஆளுங்க இருக்கறதாலதான் சொல்றேன். நாளைக்கு என் மாப்பிள்ளைக்கு மட்டும் தனிச் சட்டம்னு ஊரு பேசவா? கழட்டு."

கழற்றினான்.

முழு மொட்டை. கைக்குட்டையை அவிழ்த்தான், மீசையும் இல்லை. பெண்களில் ஒருத்தி "ஐயோ, பாவமே" என்று புடவையைக் கீழே வைத்தாள்.

வேண்டுதலுக்கு எடுத்த மொட்டையாக இருந்தால் தலை முழுக்கச் சந்தனம் பூசியிருக்கும். இது வெறும் தலை. மீசையையும் சேர்த்து எடுத்திருக்கிறான். தாய்க்கு இளைய மகனும் தகப்பனுக்கு மூத்த மகனும் கொள்ளி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கணேசமூர்த்தி மூத்தவன். உள்ளே வரும்போதே அவன் வாயில் வந்த சொல் "அப்பா". இதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அவனுடைய தகப்பனார் பொன்னுதுரை காலமாகிவிட்டார்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கையை உயர்த்தினேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சிருச்சா மாமா? கோவிச்சுக்காதீங்க. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்..."

"இதுல கோவிக்க என்ன இருக்கு? நீ வீட்டுக்குப் போ. நாங்க வர்றோம்."

அவன் முகம் மலர்ந்தது. கும்பிட்டுவிட்டுப் போனான். அவ்வளவு துக்கத்திலும் சிரித்த முகம் காட்டிய பண்பு எனக்குப் பிடித்திருந்தது. சாவுச் செய்தியை முறைப்படி ஆள்விட்டுச் சொல்லி அனுப்பவில்லையே என்று ஒரு வருத்தம் இருந்தது. ஆனால் துக்க வீட்டில் போய் அதைப் பேசுவது பெரிய மனிதனுக்கு அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

கடையைப் பாதி சாத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பாக்கியலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"சாவு விழுந்த வீட்டுல வெள்ளிக்கிழமையாவது ஒண்ணாவது. வருஷம் திரும்பணும்."

"ஒரு வருஷமா? அதுக்குள்ள அவங்க மனசு மாறிட்டா?" என்றவள், "போனது யாருன்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"கடையில, நாலு பேரு முன்னால, உங்கப்பா செத்துட்டாரான்னு கேக்கச் சொல்றியா?"

சமையலறைக்குள்ளிருந்து கோகிலாவின் குரல் வந்தது. "வேண்டுதலா இருக்கப்போகுதுப்பா."

"சந்தனம் இல்லம்மா."

"கழுவியிருந்தா?"

"சாமிக்கு எடுத்த மொட்டையில சந்தனத்தை எவனாவது கழுவுவானா? உனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. உள்ள போ."

சம்பந்தி முறையில் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. இறந்தவருக்கென்று கோடித் துணி கொண்டுபோக வேண்டும். கடையிலிருந்து மருதமுத்து கொண்டுவந்து காட்டிய வேட்டிகளில் மிக உயர்ந்ததை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டேன். பாக்கியலட்சுமி பழைய வெளிறிய புடவைக்கு மாறினாள். டாக்சி பிடித்து உஜோங் பாசிருக்குப் போனோம்.

பொன்னுதுரை அங்கேதான் கடலோரமாக வீடு கட்டியிருந்தார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் பந்தல் இல்லை, கூட்டமும் இல்லை. நேற்றே எடுத்துவிட்டார்கள்போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நான் டாக்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவள் மார்பில் அடித்துக்கொண்டு வாசலுக்குள் போய்விட்டாள். ஒப்பாரி தெரு முழுக்கக் கேட்டது.

"நிமிந்து நடந்தா நெடுந்தெரு வழிவிடுமே
வளையாத முதுகை வச்சகண்ணு வாங்காதே
வெள்ளை வேட்டியிலே வெயிலும் படியாதே
கோவத்தில நின்னாலும் கும்பிடத் தோணுமே
ஒருசொல்லு சொன்னாக்க ஊரடங்கிப் போகுமே
அந்தச்சொல்லு சொல்ல இனி ஆரிருக்கா ராசாவே!"

அவளுக்கு அப்படிப் பாட வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பொன்னுதுரை குட்டையானவர், சற்றுக் கூன். கட்டம் போட்ட கைலியைத் தவிர வேறு எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. ஒரு சொல் சொன்னால் அவர் வீட்டு நாய்கூட அடங்காது. சம்பந்தியாகப் போகிறவரை ராசாவே என்று பாடியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் துக்கத்தில் குறை பார்க்கக் கூடாது.

அந்த வீட்டம்மா பொன்னம்மா ஓடிவந்து பாக்கியலட்சுமியைக் கட்டிக்கொண்டார். எங்கள் பெண்கள் முதலில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, யார் என்ன என்பதை அப்புறம்தான் கேட்பார்கள். அவிழ்ந்த கூந்தலும் அழுத கண்ணுமாக ஒருத்தி தனியாக வந்து "ராசாவே" என்று கதறினால் பொன்னம்மா என்ன நினைப்பார்?

"ஐயோ, கலியாணசுந்தரம் அண்ணே! போயிட்டீங்களா! பெத்த புள்ளைக்குக் கல்யாணம் பாக்காமப் போயிட்டீங்களா!"

அந்தச் சமயத்தில்தான் வேட்டிப் பொட்டலத்தோடு நான் வாசலுக்குள் நுழைந்தேன். வீட்டுக்குள்ளிருந்து, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பொன்னுதுரை வெளியே வந்தார். அழுகை நின்றது. செத்தவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்றோம்.

"அப்ப யாருதான் செத்தது?" என்றார் பொன்னுதுரை.

பொன்னம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. பாக்கியலட்சுமியின் கையை உதறினார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு வாசல்ல வந்து ஒப்பாரியா? நெத்தியில குங்குமத்தோட நிக்கிறேன், கண்ணு தெரியலையா? நல்ல காரியம் பேசுற நேரத்துல... இந்தச் சம்பந்தமே வேணாம்லா! போங்க, போங்க!"

பாக்கியலட்சுமி என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேளுங்கள் என்று அந்தப் பார்வைக்குப் பொருள். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. நேராக நின்றேன். மூன்றாவது சம்பந்தமும் போயிற்று என்று என் மனைவியின் முகத்தில் எழுதியிருந்தது.

"கொஞ்சம் பொறு பொன்னம்மா. நீ இப்ப யாருக்கு அழுத?" என்றார் பொன்னுதுரை.

"அது... அவருக்கு."

"அவரும் கல்லு மாதிரி நிக்கிறாரே. ரெண்டு வீட்டுக்கும் சரியாப் போச்சு." என் மனைவியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "அப்ப, அந்தப் பாட்டு எனக்கா?"

பாக்கியலட்சுமி குனிந்தபடி தலையாட்டினாள்.

"நிமிந்து நடந்தா நெடுந்தெரு வழிவிடும்னு, என்னையா சொன்னீங்க?" அவர் கைலியை இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்தப் பார்த்தார். பாதி நிமிர்ந்தது. "முப்பது வருஷமா தோட்டத்துல துரைகிட்ட ஏச்சு, வீட்டுல இவகிட்ட ஏச்சு. கேட்டியா பொன்னம்மா? கோவத்தில நின்னாலும் கும்பிடத் தோணுமாம்! என்னைக்காவது உனக்குத் தோணியிருக்கா?"

"தோணல," என்றார் பொன்னம்மா. ஆனால் கோபத்தில் பாதி போய்விட்டது.

சத்தம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து கணேசமூர்த்தி ஓடிவந்தான். அவன் சொன்னபிறகுதான் மொட்டையின் கதை தெரிந்தது. நான் பெண் கொடுக்கச் சம்மதித்தால் முடியும் மீசையும் கொடுப்பதாகச் செங் என்ற ஊரில் இருக்கும் சன்னாசிமலைக் கோயிலில் வேண்டியிருக்கிறான். அன்று காலையில் அதைச் செலுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று அப்பா சொல்லியனுப்பியதைச் சொல்லக் கடைக்கு வந்திருக்கிறான். மாமா மொட்டையைப் பார்த்துச் சகுனம் பேசுவாரே என்ற பயத்தில்தான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லையாம்.

"சந்தனம் எங்க?" என்று கேட்டேன்.

அவன் உள்ளே போய் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினான். உள்பக்கம் முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. வேர்வையில் தலையிலிருந்து ஒரு பொட்டு விடாமல் அதில் ஏறிவிட்டது.

"நான் அரைச்சுக் குடுத்ததுடா அது!" என்றார் பொன்னம்மா.

"பார்த்தீங்களா?" என்றேன் நான். "தப்பு எங்க இருக்குன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தலையில இதை மாட்டாம இருந்தா சந்தனம் தலையிலேயே இருந்திருக்கும். நானும் பாத்திருப்பேன். இதுக்குத்தான் கடையில பலகை மாட்டியிருக்கேன்."

மருமகனாக வரப்போகிறவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"அது என்ன பார்சல், சம்பந்தி?" என்று கேட்டார் பொன்னுதுரை. சம்பந்தி என்று அவர் கூப்பிட்ட பிறகுதான் பாக்கியலட்சுமி கண்ணைத் துடைத்தாள்.

"வேட்டி. உங்களுக்குன்னு எடுத்தது," என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

அவர் பிரித்துக் கரையைத் தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கட்டிக்கொள்வதாகச் சொன்னார். நாள் மாறாது, மாப்பிள்ளைக்கு முடி வளர்ந்த பிறகு தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். எனக்குத்தான் முதலில் காப்பி கொடுத்தார்கள். புறப்படும்போது பொன்னுதுரை வாசல்வரை வந்து, அந்தக் கடைசி அடியை மட்டும் இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டார். பொன்னம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

டாக்சி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. பாக்கியலட்சுமி கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். இப்படி விட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"அவரு கூன் போட்டவரு. வேட்டியே கட்டாத ஆளு. பொருத்தமில்லாம என்னத்துக்கு அப்படிப் பாடுன?"

அவள் கொண்டை ஊசியைப் பல்லால் கடித்து விரித்துச் செருகினாள்.

"அது உங்களுக்குன்னு கட்டி வச்சிருந்தது. வாசல்ல நின்னப்ப அவசரத்துக்கு வேற எதுவும் வாயில வரல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன்னால் இருந்த டாக்சிக்காரருக்குத் தமிழ் தெரியுமா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சரி. அப்ப எனக்கு?"

"வேற கட்டணும்," என்றாள் பாக்கியலட்சுமி. "அதுக்குள்ள ஒண்ணும் பண்ணிக்காதீங்க."