ஜூன் மாதத்தில் ஒலிபரப்பான குளிர்காலக் கதை

ஜூன் இருபத்தொன்றாம் தேதி, பூர்வகுடிகள் நாளன்று, லூன் ஃபால்ஸ் வானொலி நிலையத்தின் மூன்றாம் ஸ்டுடியோவுக்குள் பனி பெய்தது. வெளியே சுள்ளென்று வெயில்; கொசுக்கள் நல்ல பசியில் இருந்தன. ஸ்டுடியோவின் கூரையில் ஓட்டை எதுவும் இல்லை. ஒலி தடுக்கும் அட்டைகளுக்கு ஒரு சாண் கீழே, வெறும் காற்றிலிருந்து, அவசரமே இல்லாமல் அது இறங்கிக்கொண்டிருந்தது. நிலைய மேலாளர் கார்டன் ஆல்ப்ரைட் குளிர்சாதனம் பழுதுபார்ப்பவரை அழைத்தார். அவர் ஏணி போட்டு ஏறி, உள்ளங்கையில் பிடித்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "இது என் வேலை இல்லைங்க, இது பனி" என்று சொல்லி, வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஒலிப்பதிவுக்காரன் ரெஜி எந்திரங்கள்மேல் தார்ப்பாய் விரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கனத்த கோட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு வந்தான். மாலைக்குள் கணுக்கால் மூழ்கியது.

ஏன் பெய்கிறது என்பதில் ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. அந்த வடக்குக் காட்டின் பூர்வகுடிகளான கிரீ மக்களிடம் சில கதைகள் குளிர்காலக் கதைகள். தரையில் பனி கிடக்கும்போது மட்டும்தான் அவற்றைச் சொல்லலாம். அவற்றில் வருகிற எத்தனின் பெயரைக் கோடையில் வாயால் உச்சரிக்கவும் மாட்டார்கள். இது எழுதப்படுவது ஜூலையில். ஆகவே இங்கேயும் அவன் பெயர் வராது. அன்று காலை வானொலியில் போனது அப்படிப்பட்ட ஒரு கதை. அதுவும் பாதிக் கதை.

கதை சொன்ன குரல் அம்புரோஸ் மெராஸ்டியுடையது. காட்டில் கண்ணி வைத்துப் பிழைத்தவர், செத்து நெடுங்காலமாகிறது. எழுபத்து நான்காம் ஆண்டுக் குளிர்காலத்தில் இந்த நிலையத்தை நடத்துகிற ஒலிபரப்புக் கழகத்தின் ஆள் ஒருவர் அவருடைய மரவீட்டில் வந்து உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போனார். மகள் டெல்ஃபின் அப்போது அங்கே இல்லை. அவளுக்கு எட்டு வயது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, பாதிரியார்கள் நடத்திய விடுதிப் பள்ளியில், கிரீ பேசியதற்காகக் கையில் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் விதி ஒன்றுதான். செப்டம்பரில் ஏரியில் விமானம் இறங்கி அள்ளிக்கொண்டு போகும். ஜூனில் கொண்டுவந்து கொட்டும். குளிர்காலமெல்லாம் பள்ளி, கோடையெல்லாம் வீடு, கோடையிலோ கதை கிடையாது. அம்புரோஸ் வழக்கத்தை மீறுகிற ஆள் இல்லை. "பனி விழட்டும்" என்பார். பனி விழும்போது அவள் இருக்கமாட்டாள். அவளுக்குக் குளிர்காலத்தில் வீட்டில் இருக்கக் கொடுத்துவைத்த முதல் ஆண்டில் அவர் இல்லை. இப்படியாக, ஊரறிந்த கதைசொல்லியின் மகள் அப்பாவின் ஒரு கதையைக்கூடக் கேட்காமலே ஐம்பதைத் தாண்டினாள். லூன் ஃபால்ஸ் நிலையத்தில் கிரீ மொழி நிகழ்ச்சியை அவள்தான் பல ஆண்டுகளாக நடத்திவந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்: அந்தச் சுருள்கள் ஊருக்கு வரவேண்டும், பனிக்காலத்தில் உட்கார்ந்து அவற்றைக் கேட்கவேண்டும்.

கழகம் மறுத்தது என்று சொல்லிவிட முடியாது. மறுப்பது அதன் பழக்கமே இல்லை. ஜூன் பூர்வகுடிகளின் மாதம் என்பதால், தலைமையகத்து ஒலிக்காப்பகத்தின் 'குரல்கள் வீடு திரும்புகின்றன' திட்டத்துக்கு ஜூனில்தான் நிதி வரும், ஜூனில்தான் கதவு திறக்கும். ஒவ்வோர் ஆண்டும் டெல்ஃபினை அன்போடு அழைத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவள் ஜனவரியில் வரட்டுமா என்று கேட்டாள். ஜனவரியில் திட்டம் கிடையாது. ஆண்டறிக்கையில் அவள் 'பலமுறை அழைக்கப்பட்டும் கலந்துகொள்ள இயலாதவர்' ஆனாள்.

கழகத்து நல்லிணக்கத் துறையின் துணைத்தலைவர் பிலிப்பா ஹார்க்ரீவ் கெட்டவர் அல்ல. கூட்டத்துக்குக் கூட்டம் பூர்வகுடிகள் கோத்த வேறுவேறு மணிக்காதணி அணிவார்; கண் கலங்கவேண்டிய இடத்தில் தவறாமல் கலங்குவார். துறையின் செயல்திட்டம் அப்போது மூன்றாம் பதிப்பில் இருந்தது. முதல் இரண்டு பதிப்புகளிலும் அட்டை நன்றாக இருந்தது. பூர்வகுடிகள் நாளுக்கு அம்புரோஸின் குரலை ஒலிபரப்புவதென்றும், இன்றைய நேயர் தொண்ணூறு நொடிக்குமேல் தாங்கமாட்டார் என்பதால் அதைத் தொண்ணூறு நொடிக்கு நறுக்குவதென்றும் முடிவானது. அன்றைய தொலைபேசிக் கூட்டத்தில் டெல்ஃபினும் இருந்தாள்.

"கோடையில இதைப் போடக்கூடாதுங்க. பனி விழுந்தப்புறம் போடுங்க. போட்டா முழுசாப் போடணும், நடுவுல வெட்டக்கூடாது."

"இதை எங்களோட பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி, டெல்ஃபின்" என்றார் பிலிப்பா. "நாங்க உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்கிறோம்."

"அப்ப நிறுத்திடுவீங்க?"

"கேட்டோம்னு பதிவு பண்ணிக்கிறோம்."

பதிவு செய்தார்கள். அன்று காலை ஒலிபரப்பவும் செய்தார்கள். கதையில் எத்தன், தூங்கிக்கொண்டிருந்த குளிர்காலத்தின் தலைமாட்டிலிருந்து அதன் மூட்டையை உருவி, முடிச்சை அவிழ்க்கிறான். அந்த இடத்தில் தொண்ணூறு நொடி நிறைந்தது, பிறகு புல்லாங்குழல் இசை. டெல்ஃபின் முன்னுரையை வாசித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். கோடையில் கேட்கக்கூடாததை அவள் கேட்கவில்லை.

மூட்டை அவிழ்ந்தபடியே கிடந்தது. அந்த நேரம் எங்கெல்லாம் வானொலி ஓடியதோ அங்கெல்லாம் பெய்தது. கூட்டுறவுக் கடையின் ரொட்டி அடுக்கில் பெய்தது. முடிதிருத்துபவரின் நாற்காலியில், பாதி வெட்டிய தலைமேல் பெய்தது. லாரிகளின் உள்ளே பெய்ததால் ஓட்டுநர்கள் கண்ணாடி துடைப்பானை உட்பக்கம் மாட்டிக்கொண்டார்கள். நகரங்களில் ஒன்றும் ஆகவில்லை. நல்லிணக்கத்தால் போக்குவரத்துச் செய்தி கெட்டுவிடக் கூடாது என்று அதை வடக்குக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரே விதிவிலக்கு, தலைமையகத்தின் உச்சி மாடிக் கூட்ட அறை. அங்கே கேக் வெட்டி வைத்துக்கொண்டு தனி இணைப்பில் கேட்டிருந்தார்கள். கேக்கின்மேல் பெய்ததை முதலில் சர்க்கரை என்று நினைத்தார்கள்.

முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. மருத்துவமனையில் பிரசவ அறைத் தாதி ஒருத்தி வானொலி கேட்கிறவள். அங்கே நிறைமாதக்காரிகளைக் கட்டிலோடு தாழ்வாரத்துக்கு உருட்ட வேண்டியிருந்தது. ஸ்டுடியோ இருந்தது மேல்மாடி. பனி இடுப்பை எட்டியதும் கீழ்த்தளத்தில் உத்தரம் முனகத் தொடங்கியது. வாரிக் கொட்டினால் வாரிய அளவு மறுபடி விழுந்தது. கார்டன் தலையில் பனியோடு டெல்ஃபினிடம் வந்தார்.

"மூட்டையை யாராவது கட்டித்தானே ஆகணும்? முடிவைச் சொல்லிடு. உங்க அப்பா கதைதானே?"

"எனக்குத் தெரியாது, கார்டன்."

"சொந்த அப்பா கதை தெரியாதா?"

"எப்படித் தெரியும்? குளிர்காலத்துல எங்களை எங்க வெச்சிருந்தாங்கன்னு நீங்கதானே ரெண்டு வாரம் தொடர் நிகழ்ச்சி போட்டீங்க. பரிசுகூட வாங்குனீங்க."

பரிசுக் கேடயம் அவருக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது; அதன்மேலும் நான்கு விரற்கடை பனி. கார்டன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் கதை தெரிந்தவர்கள் ஓரிருவர் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் தொடங்கிய கதையை இன்னொருவர் முடிப்பது அங்கே வழக்கமில்லை. சுருள் வந்தாகவேண்டும்.

மூலச் சுருள்கள் காப்பகத்தைவிட்டு வெளியே போகாது என்பது கழகத்தின் விதி. கணினியில் ஏற்றி அனுப்பலாம் என்றால், ஏற்றியது அந்தத் தொண்ணூறு நொடியை மட்டும்தான். மீதிக்கு நிதி அடுத்த ஜூனில். இரண்டு நாள் விதி வென்றது. பிறகு கூட்ட அறையில் தலைவரின் நாற்காலி பனியில் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அன்று மத்தியானமே பிலிப்பா தனி விமானத்தில், மடியில் சுருள்கள் அடங்கிய பெட்டியோடு வந்து இறங்கினார். தற்காலிக இரவல் என்று மூன்று முறை சொன்னார். கதை கேட்கப் போனால் புகையிலை கொண்டுபோய் வைப்பது முறை என்று செயல்திட்டத்தில் இருந்தது. ஆனால் அலுவலகப் பணத்தில் புகையிலை வாங்க நலவாழ்வு விதி இடம் தராது. எனவே அவர், புகைப்பதை விட்டுவிட நினைப்பவர்கள் மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கம் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். பரிசுபோல் நாடா போட்டுக் கட்டியிருந்தது.

ரெஜி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, அம்புரோஸ் பெரியப்பாவுக்குப் பல்லே கிடையாதே. இதை எப்படி மெல்லுவாரு?" தன் சட்டைப்பையிலிருந்து சிகரெட் ஒன்றை எடுத்து, பிய்த்து, புகையிலையை ஒலிநாடா எந்திரத்தின் பக்கத்தில் பனிமேல் வைத்தான்.

தரையில் பனி இருந்தது. ஆகவே அது குளிர்காலம். இனித் தடை ஏதுமில்லை. ஊரே வானொலியைத் திறந்துவைத்திருந்தது. தலைமையகமும் தனி இணைப்பில் காத்திருந்தது. டெல்ஃபின் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அப்பாவின் இருமல் முதலில் வந்தது, பிறகு அடுப்புக் கதவு சாத்துகிற சத்தம், பிறகு அவர். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கதை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து மெதுவாக நடந்தது. சுருள் மாற்றி, சுருள் மாற்றி ஓட்டினார்கள். பனி முன்னைவிட அடர்ந்தது. கீழே உத்தரம் ஒருமுறை படீரென்று வெடித்தது, யாரும் நகரவில்லை. கடைசிச் சுருளை மாட்டியபோதுதான் ரெஜி கடிகாரத்தைப் பார்த்தான். மணி முழுசானால் நாட்டுச் செய்தி. தலைமையகத்துக் கணினி தானாகவே இணைப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரு சாவி உண்டு. அது கார்டனிடம் இருந்தது. நிலையம் தொடங்கிய நாள்முதல் யாரும் திருப்பியதில்லை.

"நடுவுல வெட்டுனா மறுபடி அவிழ்ந்துடும்" என்றாள் டெல்ஃபின், கண்ணைத் திறக்காமல்.

"அனுமதி வாங்கிட்டு வந்துடறேன்" என்று பிலிப்பா எழுந்தார். அவருக்குப் போக மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ரெண்டே நிமிஷம்" என்று தொலைபேசியோடு தாழ்வாரத்துக்குப் போனார். தலைமையகத்தில் எல்லாரும் அவருடைய அழைப்பைக் கேட்க வானொலியின் ஒலியைக் குறைத்தார்கள்.

அந்த நேரத்தில் அம்புரோஸ் கதையை நிறுத்தினார். "இத்தோட போதும்" என்றார், அன்று ஒலிநாடாவோடு வந்திருந்த கழகத்து ஆளிடம். "மிச்சம் எம் பொண்ணுக்குச் சேரவேண்டியது. இப்ப பள்ளிக்கூடத்துல இருக்கா. அவ வந்தப்புறம் சொல்றேன்." நாடா அறுந்தாற்போல் முடிந்து, அதன் வால் சுழன்று சுழன்று எந்திரத்தில் அடித்தது.

"அக்கா, சுருள் தீந்துபோச்சு" என்றான் ரெஜி. பனி இப்போது மார்புவரை. கார்டன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார், அனுமதி வரவில்லை.

வெறும் சுருள் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அம்புரோஸ் கேட்டார்: "வந்துட்டியா?"

டெல்ஃபின் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். "வந்துட்டேன்ப்பா."

"ஏன் இத்தனை நாழி?"

"அவங்க விடலப்பா."

அடுப்பில் விறகு ஒன்று சரிகிற சத்தம் கேட்டது. "பனி இருக்கா?"

"நெஞ்சு வரைக்கும் இருக்கு."

"அப்பச் சரி. உக்காரு."

அவள் பனியில் குழி பறித்து உட்கார்ந்தாள். கார்டன் சாவியைத் திருப்பினார். அன்று அந்த மணிக்கு நாட்டுச் செய்தி லூன் ஃபால்ஸுக்கு வரவில்லை. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அம்புரோஸ் மீதிக் கதையை அவசரமில்லாமல் சொன்னார். அது எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல இது மாதமல்ல. எத்தன் நன்றாகப் பட்டான் என்பதும், மூட்டையின் முடிச்சு இறுகியது என்பதும் மட்டும் போதும். இறுகியதும் ஸ்டுடியோவிலும் கடையிலும் பிரசவ அறையிலும் கடைசிப் பனித்துகள் இறங்கி, நின்றது. அம்புரோஸ் மூக்கைச் சிந்திவிட்டு, "தூங்கு போ" என்றார். ரெஜி எந்திரத்தை அணைக்கக் கையை நீட்டினான். மின்கம்பி ஏற்கெனவே பிடுங்கிக் கிடந்தது. ஊர் முழுக்க வாளியும் துடைப்பமுமாக இரண்டு வாரம் ஈரத்தை அள்ளியது. தாழ்வாரத்தில் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. அம்புரோஸ் என்று பெயர் வைத்தார்கள்.

பிலிப்பாவுக்கு அனுமதி ஆகஸ்டில் கிடைத்தது. பேச்சு மும்முரத்தில் கூட்ட அறையில் யாரும் முடிவைக் கேட்டிருக்கவில்லை. அங்கே இன்றும் பெய்கிறது. கதவருகே கோட்டு மாட்ட ஆணி அடித்திருக்கிறார்கள், நிதி அறிக்கையில் மண்வெட்டிக்கு ஒரு தலைப்பு உண்டு. செயல்திட்டத்தின் நான்காம் பதிப்பு இதைத் 'தொடர்ச்சியான முன்னேற்றம்' என்று குறிப்பிடுகிறது. பிலிப்பா இப்போது காதணியோடு கம்பளித் தொப்பியும் அணிகிறார். ஜனவரியில் வந்து கேட்கட்டுமா என்று ஒருமுறை டெல்ஃபினிடம் கேட்டார். அவள் சரி என்றாள். ஆனால் ஜனவரியில் அவருக்குப் பயணப்படி கிடையாது.

சுருள்கள் இன்னும் இரவல்தான். டெல்ஃபின் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். அவை அவள் வீட்டுச் சமையலறை அலமாரியில், தேநீர் டப்பாக்களுக்கு மேலே இருக்கின்றன. ஒவ்வொரு ஜூனிலும் காப்பகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. கோடையில் அதையெல்லாம் தொடமாட்டோம், பனி விழட்டும் என்கிறாள். பனி விழுந்தபிறகு கேட்டால், தொலைபேசியை அலமாரிப் பக்கம் ஒரு நிமிடம் நீட்டிக் காட்டிவிட்டு, தாழ்ந்த குரலில் சொல்கிறாள்: "அப்பா பேசிக்கிட்டிருக்காரு. நடுவுல வெட்டக்கூடாது."