இன்னும் கொஞ்சம் கெயின்

"இன்னுங் கொஞ்சம் ஏத்து புள்ள. ஒண்ணுமே கேக்கல" என்றான் ஜெயபாண்டி, ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி.

நாகஜோதி சின்னப் பெட்டியின் திருகை இன்னும் திருப்பினாள். கெயின் என்று போட்டிருந்த அந்தத் திருகுதான் மைக்கில் விழும் குரலைத் தூக்கிக் கொடுக்கும். முக்கால் சுற்றைத் தாண்டியாயிற்று. பக்கத்தில், குரல் அளவு மீறினால் சிவக்கும் பொட்டளவு விளக்கு. அவள் வாயைத் திறந்தாலே சிவந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனியன் துணி பின்னும் பின்சந்து நிட்டிங் கம்பெனி ஓடாமல் நிற்கும் ஒரே பொழுது. வெளிச்சத்தம் நுழையாதபடி கட்டிலைச் சுற்றிப் பனியன் வேஸ்ட் மூட்டைகளை அடுக்கி, மேலே போர்வையைத் தொங்கவிட்டு, அந்தப் பொந்துக்குள் இருவரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். கதை வாசிக்க ஆள் எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். முதல் தடவை, குரல் மங்கல் என்று திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கெயின் எவ்வளவு என்று கேட்டுச் சொல்வது ஜெயபாண்டி பொறுப்பு. இரண்டாம் தடவை, குரல் உடைந்து இரைகிறது என்று பதில் வந்தது. மூன்றாவதுதான் கடைசி, ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்பது வருஷம் தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்று நின்று கணுக்கால் வீங்கியவளுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை என்பதே கனவாக இருந்தது.

"சிவப்பு எரியுதுங்க."

"எரியட்டும். லைட்டா கதை கேக்கப் போகுது? காதுதான கேக்கப் போகுது."

பன்னிரண்டு வருஷமாக நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். ஒரு ஊசி உடைந்தாலும் சத்தத்திலேயே கண்டுபிடிப்பான் என்று கம்பெனியில் பேர். அவன் காதை அவள் நம்பினாள்.

பாதி வாசிக்கையில் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரம்மா ரங்காத்தாள்.

"ஆத்துத்தண்ணி வந்திருச்சு கண்ணு, புடிச்சுக்கோ. அப்பறம், நேத்து உங்கூட்டு டிவியில ஓடுன நாடகத்த எங்கூட்டு டிவிய அமத்திப்போட்டு உக்காந்தே கேட்டுட்டேன். உங்கூட்டுக்காரர வாசல்ல நின்னு நாலு தடவ கூப்புட்டேன். ஏன்னு கேக்கோணுமே!"

சிரித்துவிட்டுப் போனாள். நாகஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே வந்தவள், முதல்முறையாக ஹெட்போனை அவனிடமிருந்து வாங்கி மாட்டி, இதுவரை வாசித்ததைக் கேட்டாள். துணியைக் கிழிப்பதுபோல அவள் குரலே அவள் காதில் பாய்ந்தது. சட்டென்று கழற்றினாள்.

"இப்பத்தான் கொஞ்சம் தெளிவா இருக்கு, என்ன?" என்றான்.

மெஷின் இரைச்சலில் யாரும் குரலால் பேசிக்கொள்வதில்லை, வாயைப் பார்த்தே பேசிக்கொள்வோம் என்று கல்யாணமான புதிதில் அவன் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் எத்தனை வருஷம். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டதற்கெல்லாம் அவன் திரும்பாமல் இருந்ததைத் திமிர் என்று நினைத்து எத்தனை சண்டை.

திருகைப் பின்னால் இறக்கினாள். விளக்கு பச்சைக்கு வந்தது. ஹெட்போனை அவனுக்கே மாட்டிவிட்டு, பதிவைத் தொடங்கி, தாளை மடியில் வைத்து வாசித்தாள். அவன் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துத் தலையாட்டினான்.

"கேக்குதா?"

"ம். கணீர்னு கேக்குது."

அவள் தாளைத் தூக்கி, உதடு தெரியாமல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அதே குரலில் இன்னும் இரண்டு வரி வாசித்தாள். பிறகு தாளுக்குப் பின்னாலிருந்து, "என்னங்க, கேக்குதா?" என்றாள்.

விளக்கு பச்சையாகவே எரிந்தது. ஜெயபாண்டி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்தியபடி, அந்தத் தாள் இறங்குவதற்காகக் காத்திருந்தான்.