வெள்ளை மயிலுக்கு ஓடிய பி.டி. மாஸ்டர்

காலாண்டு லீவு விட்ட முதல் நாளே, கச்சேரி ரோட்டின் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் விசில் சத்தம் கேட்டது. விசில் ஹென்றி மாஸ்டருடையது. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். வயது ஐம்பத்திரண்டு, தொப்பை தனி. பிள்ளைகள் யாரும் இல்லாத ஹாலில் விசில் ஊதுகிறாரே, மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கீழ்வீட்டு ஜமீலுன்னிசா மாடியேறிப் பார்த்தாள். கவலைப்பட்டுத்தான் போனாளாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

மாஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பொம்மை வீரன் ஊர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். 'ஏழு கோட்டை' என்று ஒரு பழைய ஆட்டம். அதில் மூன்றாவது கோட்டைக்குள் தனியாளாகப் போய்க் கடைசி பூதத்தைக் கொன்றால், நூறில் ஒரு தடவை வெள்ளை மயில் ஒன்று கிடைக்கும். ஏறிப் பறக்கலாம். ஹென்றி மூன்று வருஷமாக இருநூற்றுப் பன்னிரண்டு தடவை உள்ளே போய்விட்டார். மயிலின் ஒரு இறகுகூடக் கிடைக்கவில்லை. இப்போது ஆட்டக் கம்பெனி அறிவித்துவிட்டது: ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கோட்டையை இடிக்கிறார்கள். மயிலும் அதோடு போய்விடும்.

அவருடைய பழைய வாள்வீரன் இரும்புக் கவசத்தோடு அசைந்து அசைந்து போய்வரப் பதினாறு நிமிஷம். அதைவிட வேகமான ஆள் வேண்டும். புதிதாக ஒருவனை வளர்த்து எடுக்க முழு வாரம் பிடிக்கும். ஆக, ஒரே ஒருவனைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் மயில் அம்பேல்.

ஜமீலுன்னிசாவின் மகன் ஃபராஸுக்குப் பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. ஆளனுப்பி அவனை வரவழைத்தார்கள்.

"மந்திரவாதிய எடுங்க அங்கிள். ஒரே நெருப்பு, மொத்தக் கும்பலும் காலி."

"டேய், அதெல்லாம் பழைய கோட்டைடா. அங்க இருக்கிற பூதம் எல்லாம் தும்மினாலே செத்துடும். அடிக்கிறதுல இல்ல டைமு, ஓடறதுலதான்."

"அப்ப யூடியூப்ல பாத்துடுங்களேன். யாராவது டைம் போட்டுப் பாத்திருப்பாங்க."

"ஓட்டத்தப் பத்தி எனக்கு யூடியூப் சொல்லணுமா? முப்பது வருஷமா ஸ்போர்ட்ஸ் டே நடத்தறவன்டா நான்!"

நடத்தியே விட்டார். மந்திரவாதி, வில்லாளி, திருடன், சாமியார் என்று வகைக்கு ஒருவனாக உருவாக்கி, மைதானத்தில் நூறு மீட்டர் ஓடவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் நேரம் குறித்தார். திருடனுக்கு முதலிடம். சாமியார் கடைசி.

"சாமியார் அங்கிய மிதிச்சு மிதிச்சு வரான் பாரு," என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

மனைவி ஃப்ளோரா அரிசி களைந்துகொண்டே, "திருடன வளக்கப் போறீங்களா? பங்குச் சாமியார் கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளும் அதே ஆட்டத்தில் ஒரு சாமியாரை வைத்திருந்தாள். மத்தியானம், மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு சும்மா சுற்றுவாள். அதையெல்லாம் மாஸ்டர் ஆட்டமாகவே மதிப்பதில்லை.

ஆறு நாள் சோறு தண்ணியைப் பாதியாக்கித் திருடனை வளர்த்தார். சனி சாயங்காலம் கோட்டைக்குள் விட்டார். அப்பா, என்ன ஓட்டம்! முதல் கதவுக்கு நாற்பதே வினாடி.

கதவு பூட்டியிருந்தது.

அந்தக் கோட்டையில் நான்கு கதவு. நான்குக்கும் சாவி, ஆட்டமே கூட அனுப்பும் ஒரு கிழவரிடம். கூடவே நடந்து வந்து அவர்தான் திறக்க வேண்டும். மாஸ்டர் இத்தனை வருஷமாக அவரைத் துணைக்கு வருகிறவர் என்று நினைத்திருந்தார். வாள்வீரனும் கிழவரும் ஒரே நடை, கதவருகே சேர்ந்தே போய்ச் சேருவார்கள். இப்போதோ திருடன் கதவடியில் குதித்துக்கொண்டிருக்க, தூரத்தில் கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

மொத்தம் பதினைந்து நிமிஷம். ஒரு வாரத்து உழைப்புக்கு லாபம் ஒரே நிமிஷம்.

"யோவ் பெருசு, வாய்யா!" என்று மாஸ்டர் போட்ட கத்தலில் ஜமீலுன்னிசா மறுபடி மேலே வந்துவிட்டாள். இந்தத் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை.

"அவரையா திட்றீங்க?" என்றாள் ஃப்ளோரா. "பாவம், நான் கூப்ட்டுக்குவேன்."

"கூப்ட்டுக்குவேன்னா?"

"சாமியாருக்கு ஒரு மந்திரம் கீதுல்ல. அடிபட்டவங்கள நம்ம பக்கத்துல இழுத்துக்கறது. கதவாண்ட நின்னு போட்டா அவரு வந்து நிப்பாரு. உள்ள தோட்டம் நல்லாருக்கும், பாத்துட்டு, அப்டியே பூதத்தயும் முடிச்சிட்டு வருவேன். ஆறு நிமிஷம் ஆவும்."

மாஸ்டர் ஸ்டாப் வாட்சைக் கீழே வைத்தார். ஜமீலுன்னிசா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று ராத்திரி போன கரண்ட் விடியத்தான் வந்தது. ஞாயிறு சர்ச்சில் முதல் பூசை முடிந்து வரும்போது மணி ஏழரை. வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். திருடன் என்றால் பதினெட்டு வாய்ப்பு, மயில் மாஸ்டர் பேரில். சாமியார் என்றால் நாற்பத்தைந்து, மயில் ஃப்ளோரா பேரில். அதை மாற்றிக்கொடுக்க ஆட்டத்தில் வழியில்லை.

"நான் வேணா உன் சாமியார ஓட்டறேனே," என்று நைசாகக் கேட்டுப் பார்த்தார்.

"என் சாமியார நீங்க தொடக் கூடாது. ஒண்ணு நீங்க உக்காருங்க, இல்ல நான் உக்கார்றேன்."

மாஸ்டர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "யாரு பேர்லயாவது வரட்டும். வராம இடிச்சிட்டான்னா என்னால தாங்க முடியாது."

ஃப்ளோரா உட்கார்ந்தாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று, "லெஃப்ட்ல வெட்டு! மூச்ச விடாத!" என்று பயிற்சி கொடுத்தார். பத்தாவது தடவையில் விசிலைப் பிடுங்கிக்கொண்டாள். இருபதாவது தடவையில் ஆளையே சமையலறைக்கு அனுப்பினாள். முப்பது தாண்டியதும் ஜமீலுன்னிசா வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

நாற்பத்தோராவது தடவை, பதினொன்றே முக்காலுக்கு, மயில் வந்தது. மூன்று வருஷம் காத்திருந்த மனிதர் அந்த நேரத்தில் அடுப்படியில் டீத்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஜமீலுன்னிசா போட்ட கூச்சலில் டப்பாவோடு ஓடிவந்தார். தரை முழுக்கத் தூள்.

திரையில் அங்கி பறக்கச் சாமியார் வெள்ளை மயில்மேல் போய்க்கொண்டிருந்தார். மாஸ்டர் வாயைத் திறந்தபடி பார்த்தார். கண் கலங்கியதாக ஜமீலுன்னிசா தெருவெல்லாம் சொன்னாள். டீத்தூள் பட்டது என்பது மாஸ்டர் கட்சி.

"நல்லா பறக்குதுல்ல?" என்றாள் ஃப்ளோரா.

"சூப்பரா பறக்குது. ஒரே ஒரு ரவுண்டு குடேன், ஃப்ளோரா."

"முதல்ல தரைய கூட்டுங்க."

முப்பது வருஷ சர்வீஸில் ஹென்றி மாஸ்டர் அவ்வளவு வேகமாக விளக்குமாற்றை நோக்கி ஓடி யாரும் பார்த்ததில்லை.