கூலிபாலி வீட்டில் கெய்த்தாவின் சொல்

நாமொரி கெய்த்தா தன் அறுபத்திரண்டாவது வயதில், முதல் தடவையாக, செரிபா கூலிபாலியின் வீட்டு முற்றத்தில் நின்று ஓர் உண்மையைச் சொன்னார். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? செகூ ஊரில் கெய்த்தாவும் கூலிபாலியும் கேலிமுறைக் குடும்பங்கள். ஒருத்தரை ஒருத்தர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், கோபப்படத்தான் கூடாது. கெய்த்தா வீட்டில் பிறந்த சின்னப் பிள்ளைகூட ஒரு கூலிபாலிக் கிழவனைப் பார்த்து, “ஏய் பயறுதின்னி, என் அடிமையே, இங்க வா” என்று கூப்பிடலாம். கிழவனும், “யாருடா அடிமை, உங்க அப்பனையே சந்தையில வித்தது நாங்கதான்டா” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பான். ஊர் அப்படி.

அந்த ஊரிலும் நாமொரி ஒரு படி மேலே. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹஜ் பெருநாள் அன்று, பள்ளிவாசலில் இருந்த, பிணம் தூக்குகிற சந்தூக்கையே நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். செரிபா பயறு தின்று வயிறு வெடித்து மௌத்தாகிவிட்டான், வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, என் கண்ணால் பார்த்தேன் என்று தெருத்தெருவாக ஒப்பாரி. கண்ணில் நிஜக் கண்ணீர் வேறு. செரிபா வெளியே வந்தார். நேரே சந்தூக்கில் ஏறிப் படுத்துக்கொண்டு, “தூக்குங்கடா, கெய்த்தா வீட்டுக்கே போங்க, அங்கதான் ஆடு அறுத்திருக்கான்” என்றார். அந்தக் கதையைச் சொல்லி ஊர் இன்னமும் சிரிக்கிறது.

இப்போது செத்துப்போனது செரிபாவின் மூத்த மகன் சுங்காலோ.

பிழைப்புத் தேடிக் கடல் தாண்ட அவன் ஏறிய படகு, ந்வாதிபூ துறைமுகத்திலிருந்து கிளம்பிக் கவிழ்ந்து பத்து நாளாகிவிட்டது. கரை ஒதுங்கிய சடலங்களின் பட்டியலை ரேடியோவில் வாசித்தார்கள். பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அதில் நாலு கூலிபாலி. செரிபா அதைக் கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்தார். தேநீர் குடிக்க வந்தவர்களிடம் அவரே பேச்சை எடுத்தார். உலகத்தில் கூலிபாலிக்கா பஞ்சம்? செகூ சந்தையில் ஒரு கல்லை விட்டெறிந்தால் ஒரு கூலிபாலி தலையில்தான் விழும். போபோவில் தெரு தெருவாக இருக்கிறான். புவாக்கேயில் கோகோ மூட்டை தூக்குகிறவன் கூலிபாலி, டாக்காரில் டாக்ஸி ஓட்டுகிறவன் கூலிபாலி. கொரோகோவில் நம் பாஷையே தெரியாதவன்கூடக் கூலிபாலி என்றுதான் எழுதிக்கொள்கிறான். பாரிஸில் ரயில் நிலையம் கூட்டுகிறவனும் அவன்தான். நாலு பேர் செத்தால் அதில் ஒருத்தன் என் மகனாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டார். அப்படிப் பரந்து கிடக்கிற பெயரைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் அந்தப் பத்து நாளும் அவர் தூங்கினார்.

அன்று நாமொரியும் அங்கே இருந்தார். சும்மா இருக்குமா அந்த வாய்? அண்ணனும் தம்பியுமாக எதிரிக்குப் பயந்து ஓடிவந்து, ஜோலிபா ஆற்றங்கரையில் படகில்லாமல் திருதிருவென்று விழித்த பயல்கள்தானே நீங்கள் என்றார். ஒரு கெளுத்தி மீன் பாவம் பார்த்து முதுகில் ஏற்றி அக்கரை சேர்த்தது. படகில்லாதவன் என்பதுதானே உங்கள் பெயருக்கே அர்த்தம், படகே தெரியாத பரம்பரையில் பிறந்தவன் எதற்குப் படகு ஏறினான் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். செரிபாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நாமொரி தன் கடையில் ஒரு மோட்டார் பைக்கின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதே படகில் போய்ப் பிழைத்த அவருடைய அக்கா மகன் லான்சினே, யாரோ ஒருவருடைய போனிலிருந்து பேசினான். சுங்காலோவின் உடம்பைத் தானே அடையாளம் பார்த்ததாகவும், தானும் இன்னும் மூன்று பேருமாகக் குளிப்பாட்டித் தொழவைத்து, கடற்கரை மணலில் அடக்கியதாகவும் சொன்னான். இடது புருவத்துத் தழும்பைக்கூடச் சொன்னான். நாமொரி செயினைக் கீழே போட்டார். அவன் அப்பனுக்கு ஏன் போன் பண்ணலை என்று கேட்டார்.

“கூலிபாலி வீட்டுக்குச் சாவுச் சேதி கெய்த்தா வாய்லதான் மாமா போகணும். உங்க மேல அவங்க கோவப்பட முடியாதுல்ல” என்றான் லான்சினே. அதோடு லைன் கட்டாகிவிட்டது. திரும்ப அடித்தால் போன் அணைந்து கிடந்தது.

முறை அதுதான். பையன் சரியாகத்தான் செய்தான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் சுங்காலோவுக்கு நிக்காஹ் என்பது அவனுக்குத் தெரியாது.

மாப்பிள்ளை ஊரில் இல்லாமலே நிக்காஹ் கட்டுவது செகூவில் புதிதில்லை. வெற்றிலை பாக்கு மாதிரி கோலாக் கொட்டையைப் பங்கிட்டு, இரண்டு பக்கத்து ஆண்களும் இமாம் முன்னால் உட்கார்ந்து பேசினால் முடிந்தது. பெண் மஸ்ஸரான் தங்கரா, மூன்று தெரு தள்ளி இருக்கிறவள், வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள். படகு கவிழ்ந்த பிறகும் செரிபா நாளை மாற்றவில்லை. மாற்றினால் என் மகன் செத்துவிட்டான் என்று நானே சொன்னதாக ஆகிவிடும் என்றார்.

நாமொரி எண்ணெய்க் கையோடு ஓடினார். அவர் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் அந்தப் பெண் நாலு நாள் அழுதுவிட்டுப் படிக்கப் போய்விடுவாள். கட்டிய பிறகு என்றால், செத்தவனுக்குக் கட்டியது செல்லாது என்று கிதாபு சொன்னாலும், ஊர்க் கணக்கில் அவள் விதவை. நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்காமல் இத்தா இருக்க வேண்டும். அது முடிந்ததும் செரிபா வீட்டு வழக்கப்படி கொழுந்தனுக்குக் கட்டிவைப்பார்கள். அந்தக் கொழுந்தனை நாமொரிக்குத் தெரியும், குடித்துவிட்டு ஆட்டைக்கூட அடிக்கிற பயல்.

முற்றத்தில் செரிபா புது வெள்ளை அங்கியின் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருபது பேர். நாமொரி மூச்சு வாங்கிக்கொண்டே, “செரிபா, நிக்காஹை நிறுத்து. சுங்காலோ மௌத்தாயிட்டான். லான்சினே போன் பண்ணினான், அவன்தான் அடக்கம் பண்ணியிருக்கான்” என்றார்.

செரிபாவின் விரல் பித்தானில் ஒரு நொடி நின்றது. அப்புறம் தலையை அண்ணாந்து சிரித்தார். வந்துட்டான்யா என் அடிமை, இவன் இல்லாமல் நம்ம வீட்டில் ஒரு கல்யாணம் நடக்குமா என்று கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை சந்தூக்கு எங்கே என்று ஒருத்தன் கேட்டான். நாமொரி வல்லாஹி என்றார், இன்னும் சிரித்தார்கள். அழுதார்; ஒரு பெண் வந்து முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்து, கிழவருக்கு நடிப்பு வருஷா வருஷம் நன்றாகிக்கொண்டே வருகிறது என்றாள். போனை எடுத்து நீட்டினார். அந்தப் பாழாய்ப்போன போன் அப்போதும் அணைந்துதான் கிடந்தது.

தான் எத்தனை தடவை இதே வாயால், இதே முற்றத்தில், இதே கண்ணீரோடு பொய் சொல்லியிருக்கிறோம் என்று நாமொரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் வாயைத் தானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பள்ளிவாசலுக்கும் போனார். தொழுகை முடிந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இமாம் பேச ஆரம்பிக்குமுன் நாமொரி எழுந்து நின்றார். கூலிபாலிகளை விட்டுவிட்டு, பெண்ணின் பெரியப்பாவைப் பார்த்துப் பேசினார். தங்கராக்களுக்கும் கெய்த்தாக்களுக்கும் கேலிமுறை கிடையாது, இவர்களாவது காது கொடுப்பார்கள் என்று நினைத்தார். நினைப்பு பிழைப்பைக் கெடுத்தது. பெரியப்பா புன்னகைத்தார். ஒரு கெய்த்தா வந்து கலாட்டா பண்ணுவார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சம்பந்தி முந்தாநாளே சொல்லிவிட்டார் என்றார். இமாமே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். செரிபா எழுந்து வந்து, ஒரு கோலாக் கொட்டையை நாமொரியின் வாய்க்குள் திணித்து, தோளை அழுத்தி உட்கார வைத்தார். அந்தக் கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது.

நிக்காஹ் முடிந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. துஆ ஓதி எல்லாரும் கையை முகத்தில் தடவிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் செரிபா, நாமொரியின் கையைப் பிடித்துக்கொண்டு தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி உளூ செய்கிற தொட்டிப் பக்கம் போனார். அங்கே யாரும் இல்லை. தொட்டித் திண்டில் உட்கார்ந்தவர் அப்படியே உடைந்துபோனார். சத்தமே இல்லாத அழுகை. வெள்ளை அங்கியின் மார்பு நனைந்தது.

“எந்த இடத்துல அடக்குனாங்க?” என்று கேட்டார்.

நாமொரிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் செரிபாவின் எதிரில் வந்து நின்றார்.

“உனக்குத் தெரியும். நான் சொன்னப்பவே நீ நம்பிட்ட.”

“வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சுடுச்சு. நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட. நாப்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கியாடா?”

“அப்புறம் ஏன்யா சிரிச்ச?”

செரிபா மூக்கைத் துடைத்துக்கொண்டார். சுங்காலோவுக்கு அம்மா இல்லை, அவன் மூணு வயசிலேயே போய்விட்டாள் என்றார். அக்கா தங்கை எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கல்யாணம் ஆகாமல் செத்தால் அவனுக்காக யார் உட்கார்ந்து அழுவார்கள்? சாமான் தொலைந்த மாதிரி நாலு நாள் பேசிவிட்டு ஊர் மறந்துவிடும். அவனுக்காக ஒரு பொம்பளை நாலு மாசம் பத்து நாள் வெள்ளை கட்டி உட்காரட்டும் என்று நினைத்தேன் என்றார்.

“அவன் பொண்டாட்டின்னு ஒருத்தி இந்த மண்ணுல இருக்கட்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.”

“அந்தப் பொண்ணு உனக்கு என்னய்யா பாவம் பண்ணுச்சு?”

“நான் பொய் சொல்லலை. யாரையும் ஏமாத்தலை. நீ சபையில நின்னு சொன்ன, எல்லாரும் கேட்டாங்க. கூலிபாலி வீட்டுல கெய்த்தா சொல்றது ஒரு சொல்லே இல்லை. அந்த வழக்கத்தை நான் உண்டாக்கலை.”

அடப்பாவி. நாமொரிக்குக் கை ஓங்க வேண்டும் போலிருந்தது. ஓங்க முடியாது. கெய்த்தா கூலிபாலியை அடிக்கக் கூடாது, சபிக்கக் கூடாது. இந்த வேலைக்குக்கூட அவன் மேல் கோபப்படக் கூடாது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் மகனைப் பறிகொடுத்த கிழவராகவும் இருந்தார், அதுதான் இன்னும் கொடுமை.

நாமொரி மூன்று தெரு நடந்து தங்கரா வீட்டுக்குப் போனார்.

அங்கே பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் இன்னும் பள்ளிவாசல் வாசலிலேயே நின்றிருந்ததால் பந்தலில் பெண்கள் மட்டும்தான். மஸ்ஸரான் பாயில் உட்கார்ந்து, மருதாணி வைத்த இரண்டு கையையும் காய்வதற்காக முழங்கால் மேல் விரித்து வைத்திருந்தாள். தெரியாத ஒரு கிழவர் எண்ணெய்க் கறையோடு வந்து எதிரில் குந்தியதும் மரியாதையாகத் தலை குனிந்து சலாம் சொன்னாள். பாட்டு நின்றது.

அவர் கெய்த்தா என்று தன் பெயரைச் சொன்னார். லான்சினேயின் மாமா என்றார். அப்புறம், அன்றைக்கு மூன்றாவது தடவையாக, அதே சேதியைச் சொன்னார்.

இங்கே யாரும் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் அவர் வாய்ச்சொல் சொல்லாகத்தான் இருந்தது. பின்னால் இருந்த ஒருத்தி “யா அல்லாஹ்” என்று வாயைப் பொத்தினாள். மஸ்ஸரான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. எதையோ யோசித்துப் பார்க்கிறவளாக இருந்தாள்.

“உங்களுக்கு எப்போ தெரியும் பெரியவரே? கட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பின்னாடி என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் பொய் சொன்ன வாய்க்கு இன்னொரு பொய் பெரிசா? நாமொரிக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை.

“முன்னாடிம்மா.”

“சொன்னீங்களா?”

“வீட்டுலயும் சொன்னேன். பள்ளிவாசல்லயும் எல்லார் முன்னாடியும் சொன்னேன்.”

“ஒருத்தர்கூடவா நம்பலை?”

“ஒருத்தர் நம்பினார்” என்றார் நாமொரி.

அது யார் என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் கை கழுவ வைத்திருந்த வாளியை இழுத்து, காயாத மருதாணியோடு இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். விரல் விரலாகத் தேய்த்தாள். தண்ணீர் கலங்கியது, கையில் நிறம் அப்படியே இருந்தது. அதற்குள் தெருவில் ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து பேசிச் சிரித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த கிழவிகள், இத்தா இருக்க எந்த அறையை ஒழித்துக் கொடுப்பது என்று மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.