பெல்ட் பார்க்க வந்தவர்கள்

உலக மல்யுத்த சாம்பியன் பட்டம் காலியானால், அதற்குரிய பெல்ட் உடுமலைப்பேட்டையில் திருமூர்த்தியின் வீட்டுக்கு வந்துவிடும். தகுதியான ஆள் இன்னார் என்று அவர் வாயால் சொல்லும் வரை பீரோவில் இருக்கும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வீரர்கள், பெண் பார்க்க வருகிற மாதிரி, வீட்டுப் பெரியவர்களோடு பழத்தட்டு எடுத்துக்கொண்டு வந்து பெல்ட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அவர் வீடுதான் என்று எப்படி ஆனது என்பதை யாரும் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. மல்யுத்தத்தைப் பற்றி அந்த மனிதருக்கு இருக்கிற அளவுக்கு அபிப்பிராயம் உலகத்தில் வேறு ஒருவருக்கும் கிடையாது. வண்டி விட வருகிறவர்கள் டோக்கனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு நிமிடம் நின்றால் போச்சு, மலைப்பாம்பு ஒலெக்குக்கு ஏன் பட்டம் தரக்கூடாது என்று ஆரம்பித்துவிடுவார், அவர்கள் ஏறவேண்டிய பஸ் பழனி போய்ச் சேர்ந்திருக்கும்.

மனைவி மரகதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடம் டிவியில் மல்யுத்தம் பார்த்தவர். ஒரு நாள் விளம்பர இடைவேளையில், "உங்களுக்கு எல்லாரப் பத்தியும் ஒரு அபிப்பிராயம் இருக்குதுங்க. என்னையப் பத்தித்தான் ஒண்ணுங் காணோம்" என்று சொல்லிவிட்டு, பல்லடத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். திருமூர்த்தி நிதானமாக யோசித்துப் பேசுகிறவர். பதில் கிடைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அதிலிருந்து அவர் தனியாகத்தான் சாப்பிடுகிறார். தனியாகச் சாப்பிடுகிறவனுக்குச் சோறு சீக்கிரம் தீர்ந்துவிடும், வேளைதான் தீராது.

இந்தத் தடவை பெல்ட் வந்து வெகுநாள் ஆகியும் அவர் வாய் திறக்கவில்லை. தரகர் நாச்சிமுத்துவுக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். சேவற்பந்தயம், காளை, கல்யாணம், உலக சாம்பியன் பட்டம் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்தில் அவர்தான் தரகர். ஒலெக்கைக் கூட்டிவந்தார். வலி உயிர் போகிற நேரத்திலும் கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற ஆள், வேண்டாம் என்றார் திருமூர்த்தி. பொன்முடி ரிக்கார்டோவைக் கூட்டிவந்தார். கயிற்றின் மேலிருந்து அவர் பாய்வது அழகுதான், ஆனால் ஜோடி ஆட்டத்தில் கூட்டாளி விழுந்து கிடக்க இவர் முதல் ஆளாக வீட்டுக்குப் போகிறார் என்றார். ரிக்கார்டோ தலைமுடியைக் கோதியபடி, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு போனார்.

"குத்தம் பாத்தா சுத்தமில்லைம்பாங்க," என்றார் நாச்சிமுத்து. "உங்களுக்கு எப்படிப்பட்ட ஆளுதானுங்க வேணும்?"

"தாக்கல் சொல்லி உடறேன்" என்றார் திருமூர்த்தி, சேதி அப்புறம் வரும் என்கிற பெண் வீட்டார் மாதிரி.

எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பெயரே தெரியும். சொல்லாததற்குக் காரணம் வேறு.

அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பேச்சு உறுதியாகும் வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி குடிக்கலாம், பஜ்ஜி கடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்தது, அப்புறம் பின்வாங்க வழியில்லை. பெல்ட்டுக்கும் அதுதான் முறை. திருமூர்த்தி ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குண்டா நிறைய அரிசிம்பருப்பு சோறு ஆக்கி வைப்பார். யாரும் தொடமாட்டார்கள். அவர்கள் போன பிறகு, இன்னும் சூடாக இருக்கும் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு தட்டு சாப்பிடுவார். மிச்சத்தை எதிர்வீட்டு மாட்டுத்தொட்டியில் கொட்டுவார்.

பெயரைச் சொல்லிவிட்டால் ஒருவராவது கூட உட்கார்ந்து சாப்பிடுவார், ஆனால் அன்றோடு பெல்ட் போய்விடும், அடுத்த ஞாயிறு வாசலில் செருப்பே இருக்காது. சொல்லாமல் இருந்தால் வீடு நிறைய ஆட்கள் வருவார்கள், ஆனால் சாப்பிடமாட்டார்கள். இந்த இரண்டில் எது பரவாயில்லை என்பதில் மட்டும் அவருக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு பீரங்கி டொரான் வந்தார். உள்ளதிலேயே பெரிய வீரர். வாசற்கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிந்தது. கூடவே அவருடைய அத்தை, நாச்சிமுத்து, வாழைத்தார் சுமந்துகொண்டு எட்வின். எட்வின் யாரென்றால், டொரானிடம் வாரம் தவறாமல் மண்ணைக் கவ்வுகிறவர். முந்தின நாளும் கவ்வியிருந்தார். அடிபட்ட கழுத்துக்குப் பட்டை போட்டிருந்தார். தோற்றவர் தட்டு தூக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் வழக்கம்.

நாச்சிமுத்து பீரோவைத் திறந்து பெல்ட்டை எடுத்து, பட்டுத்துணி விரித்த ஸ்டூலில் வைத்தார். எல்லாரும் பார்த்தார்கள். டொரான் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க பையனுக்கு என்னங்க கொறை?" என்றார் அத்தை. "அவன் அடிச்சுப் போடாத ஆளே இல்ல."

"ஜெயிக்கத் தெரியுதுங்க. தோக்கத் தெரியல. தோத்தா நாற்காலியைத் தூக்கி அடிக்கிறாரு."

டொரான் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். பிறகு அதன் கையை மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

வாழைத்தாரைச் சமையலறையில் வைக்கப் போன எட்வின் திரும்பி வரவில்லை. திருமூர்த்தி எழுந்து போய்ப் பார்த்தார். எட்வின் குண்டாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"பசிக்குதுங்ணா," என்றார். "காலைல இருந்து தட்டு சோடிக்கிற வேலை. ஒரு வாய் போடறீங்களா?"

"பேச்சு முடியாம கை நனைக்கக் கூடாதுன்னு தெரியுமில்லீங்க?"

"அது பாக்க வந்தவருக்குத்தானுங்க. நான் தார் தூக்கிட்டு வந்த ஆளு."

அங்கேதான் எட்வின் தப்புக் கணக்குப் போட்டுவிட்டார். முறைக்குப் பார்க்க வந்தவன், தார் தூக்கி வந்தவன் என்ற பேதம் கிடையாது. பெல்ட் பீரோவுக்கு வெளியே இருக்கும்போது எந்த வீரன் கை நனைத்தாலும் நனைத்ததுதான். திருமூர்த்திக்கு அது நன்றாகத் தெரியும். கரண்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். இந்த ஒரு கரண்டியோடு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கோணும்," என்றார். "அத்திப்பூத்தாப்புல எப்பவாவது நீங்க ஒருத்தரைத் தூக்கிப் போடறப்ப, அவரு தலைக்கு அடியில கை குடுக்கறீங்க. நான் மட்டுந்தான் பாத்திருப்பேன். எதுக்குங்க அது?"

எட்வின் யோசித்தார். "அவங்க ஊட்டுலயும் யாராச்சும் சோறாக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்கல்லீங்க."

திருமூர்த்தி தட்டு நிறைய சோறு போட்டார். நெய் ஊற்றினார். இன்னொரு தட்டு எடுத்துத் தனக்கும் போட்டுக்கொண்டார். இருவரும் சமையலறைத் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எட்வின் கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பி ஊறுகாயை எடுத்துக்கொண்டார். பருப்பு நன்றாக வெந்திருக்கிறது என்றார். திருமூர்த்தி மெதுவாகச் சாப்பிட்டுப் பார்த்தார், ஆனாலும் தட்டு காலியாகிவிட்டது.

"நீங்கதானுங்க சாம்பியன். நான் மனசுல வெச்சிருந்த பேரும் உங்களுதுதான்" என்றார் கை கழுவும்போது.

"நான் பெருசா ஒண்ணும் ஜெயிச்சதில்லீங்களே."

"அதுக்கெல்லாம் வேற ஆளுங்க இருக்காங்க."

கூடத்தில் நெய் வாசனை வந்ததுமே அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. தட்டிலிருந்த பழங்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லதுங்க" என்றார். டொரான் தன் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கதவில் பக்கவாட்டாக வெளியேறினார். நாச்சிமுத்து பெல்ட்டை எட்வினின் இடுப்பில் கட்டிவிட்டார். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. திருமூர்த்தி தெருமுனை வரை போய், அவர்கள் வந்த வேன் கண்ணிலிருந்து மறைகிற வரை நின்றுவிட்டு வந்தார். பிறகு காலியான பீரோத் தட்டைத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். டிவியில் எட்வின் இடுப்பில் பெல்ட்டோடு வந்து, வழக்கம்போலத் தோற்று, பெல்ட்டோடு திரும்பிப் போனார். கூட்டம் கை தட்டியது. தீர்ப்பு சரிதான் என்பதில் திருமூர்த்திக்குத் துளியும் சந்தேகமில்லை. சரியான தீர்ப்பு சொன்னவனோடு உட்கார்ந்து சாப்பிட யாரும் வருவதில்லை என்பதுதான் துக்கமாக இருந்தது. மரகதத்தைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் அந்தச் சமயத்தில்தான் தோன்றியது. நல்ல அபிப்பிராயம். சொல்வதற்குப் பல்லடத்துக்கு போன் போட்டார். அவர் மைத்துனர் எடுத்து, அக்கா இப்போது கிரிக்கெட் பார்க்கிறார், அப்புறம் பேசுவார் என்றார். அப்புறம் வரவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தார். வாசலில் பெல்ட் நின்றது. பக்கத்தில் ஒரு துணிப்பை. கோயமுத்தூர் பஸ்ஸில் வந்ததாகவும், கண்டக்டர் பார்த்து இறக்கிவிட்டதாகவும் சொன்னது.

"வாம்மா," என்றார் திருமூர்த்தி. "தனியாவா வந்தே?"

"ஆமாங்ப்பா."

கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையிடம் வாசலில் வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. பையை வாங்கி உள்ளே வைத்தார். முகத்தகட்டில் படிந்திருந்த தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டார். இலை போட்டார். பாதிச் சோறு உள்ளே போன பிறகுதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏதாச்சும் சண்டையா சாமி?"

"அதெல்லாம் இல்லீங்ப்பா. அவரு நல்ல மனுசருங்க. போற ஊர்லெல்லாம் என்னையப் பாத்துக் கை தட்றாங்க. சாப்பிட உக்கார்றப்ப மட்டும் கழட்டி ஆணியில மாட்டிடறாரு."

திருமூர்த்தி தன் தட்டை இலைக்குப் பக்கத்தில் நகர்த்தி உட்கார்ந்துகொண்டார். பெல்ட் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டு, ரசம் இருக்கிறதா என்றது. புளி கரைத்தால் ஆயிற்று, நீ மெதுவாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பற்றவைக்க எழுந்தார்.